ஓர்மின் போர் வரலாறும் பெயரற்ற சிப்பாய்களும்

இந்துஸ்தானத்தில் ஆங்கிலேயர் நடத்திய யுத்தங்களைப் பற்றி ராபர்ட் ஓர்ம் எழுதிய வரலாற்றின் முதற்பாகம் 1763-இலும் இரண்டாம் பாகம் 1778-இலும் வெளிவந்தன. 1751 முதல் 1754 வரை திருச்சிராப்பள்ளிக் கோட்டையையும் ஸ்ரீரங்கத் தீவையும் சூழ்ந்து நடந்த போரைப் பற்றிப் பின்வந்த ஆங்கில ஆசிரியர் பலர் எழுதியவற்றுக்கு இந்நூலே ஊற்று. அதிலுள்ள ஒரு சம்பவத்தை நம் பிரசங்க மேடைகளிலும் தேவபராமரிப்புக்கு உதாரணமாகச் சிலவேளை கேட்கிறோம். ஆகவே போதகராகப் போகிறவர்கள் அப்பகுதியைச் சற்று நிதானித்து வாசிப்பது நலம்.

1752 ஏப்ரல் மாதம். கிளைவ் சமயபுரத்தில் பாளயமிறங்கியிருந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்த பிரெஞ்சுத் தளபதி லா, 80 ஐரோப்பியரையும் 700 சிப்பாய்களையும் இரவில் அனுப்பினார். அந்த 80 பேரில் 40 பேர் ஆங்கிலப் படையைவிட்டு ஓடிவந்தவர்கள். காவலர் தடுத்தபோது ஆங்கிலத்திலேயே மறுமொழி கூறி அவர்கள் உள்ளே நுழைந்தனர். கிளைவ் உறங்கிய சத்திரத்தின்மேல் குண்டுகள் பாய்ந்தன. ஒரு குண்டு அவருடைய காலடியிலிருந்த பெட்டியை உடைத்து, அருகே உறங்கிய வேலைக்காரனைக் கொன்றது. பின்னர், காயத்தால் சோர்ந்து இரண்டு சார்ஜண்டுகளின் தோள்களில் சாய்ந்து நின்ற கிளைவைக் குறிவைத்து ஒருவன் சுட்டான். குண்டு அவரைத் தப்பி, தாங்கி நின்ற இருவரையும் ஊடுருவியது. கிளைவ் பிழைத்தார்.

பிரசங்கி இத்துடன் நிறுத்திக்கொள்கிறார். ஓர்ம் நிறுத்தவில்லை. பின்வாங்கிய 700 சிப்பாய்களை ஆங்கிலேயரின் நேசப்படையான மராத்தியக் குதிரைவீரர் துரத்தினர். ஒருவனும் உயிர்தப்பவில்லை என்று மராத்தியரே அறிவித்ததாக எழுதுகிறார். எழுநூறு பேருக்கு ஒரே வாக்கியம்! கிளைவின் பெட்டி உடைந்ததற்கும் ஏறக்குறைய அதே இடந்தான் கிடைத்திருக்கிறது. எனினும் ஓர்ம் எதையும் மறைத்தவரல்லர் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். தப்பியது கர்த்தரின் செயல் என்று அவர் வாதிக்கவுமில்லை. அதைச் சேர்த்துக்கொண்டவர்கள் நாமே. அப்படிச் சேர்க்கும்போது, அந்த வேலைக்காரனுக்கும் இரு சார்ஜண்டுகளுக்கும் பராமரிப்பு எங்கே இருந்தது என்ற கேள்விக்கு விடை கூறும் பொறுப்பும் நம்முடையதாகிறது.

அவ்வருடம் ஜூன் மாதம் லா ஸ்ரீரங்கத்தில் சரணடைந்த பகுதியில் ஓர்மின் நடை மாறுகிறது. கோவிலுக்குள் இருந்த 1,000 இராஜபுத்திர வீரர் வெளியேற மறுத்து, மூன்றாம் மதிலுக்குள் கால்வைப்பவரை வெட்டி வீழ்த்துவோம் என்றனராம். ஆங்கிலேயர் அவர்கள் பக்திவைராக்கியத்தை வியந்து உள்ளே செல்லவில்லை. இப்பகுதியில் சாதாரணப் போர்வீரருக்கும் ஒரு மனம் உண்டென்று ஓர்ம் காண்கிறார். தம் மதமல்லாத ஒன்றில் அதைக் கண்டு எழுதியது அவருக்குப் பெருமையே.

ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பில் இக்குறை தீருமோ என்று பார்த்தால், அது தமிழிலிருந்தும் புதுச்சேரித் துபாஷி ஒருவரின் கண்கொண்டே காண்கிறது. யோவாபின் தூதன் தாவீதிடம் கொண்டுபோன போர்ச்செய்தியை இங்கே நினைக்கலாம். உரியாவோடு விழுந்தவர்களின் பெயர்கள் 2 சாமுவேல் 11-இலும் இல்லை. ஆனால் அந்நியனாகிய அந்த ஏத்தியன், 23-ஆம் அதிகாரப் பட்டியலின் முடிவில் பெயரோடு நிற்கிறான். ஓர்மிடம் அத்தகைய பட்டியல் இல்லை.

சுவார்ட்ஸ் ஐயர் 1762-இல் திருச்சிக்கு வந்தபோது அப்போர் முடிந்து பத்தாண்டுகூட ஆகவில்லை. கோட்டைக்குள் 1766-இல் எழுந்த கிறிஸ்து ஆலயத்தில் அவர் போதித்தது பட்டாளத்தாருக்குமே. 1764-இல் மதுரை முற்றுகையின்போது படையோடு சென்று காயப்பட்டோரைப் பராமரித்தார். ஓர்மின் ஏடுகளையும் அவருடைய கடிதங்களையும் அருகருகே வைத்து ஆராயும் பணியை நம் மாணவரில் யாரேனும் தமிழில் மேற்கொள்ள வேண்டும்.