ஒட்டாமல் வரைவது: அந்தமானில் சித்திர நாட்குறிப்பு

பள்ளி திறக்கும் வாரத்தில் பழுப்புத்தாள் வாங்கி, மூலைகளை மடித்து, நோட்டுக்கு அட்டை போட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டிய அனுபவம் நம்மில் பெரும்பாலோருக்கு உண்டு. அந்தச் சின்ன வேலையில் இருந்த பரிவு இப்போது பெரியவர்களிடம் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. ஆர்ட் ஜர்னல் என்கிறார்கள். சித்திர நாட்குறிப்பு என்று சொல்லலாம். ஒரு பக்கத்தில் நீர்வண்ணம், அதன் மேல் இரண்டு வரி எழுத்து, ஓரத்தில் கப்பல் சீட்டு, காய்ந்த இலை, பூப்போட்ட வாஷி டேப் (அலங்காரக் காகித ஒட்டுநாடா). நோட்டைத் தாமே தைத்து, உறை, கட்டுக்கயிறு, பொத்தான், பக்கக்குறி எல்லாவற்றையும் கையால் செய்துகொள்கிறவர்களும் பெருகிவிட்டார்கள்.

இந்தப் பழக்கம் எனக்குப் பிடித்தது. ஆயினும் இதன் நிறைகுறைகளை எடைபோட வேண்டுமானால் அதை அந்தமானுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும் என்பேன். அங்கே காற்று பொருள்களைச் சோதிக்கிறது. சட்டம் நம் ஆசையைச் சோதிக்கிறது. இரண்டிலும் தேறுகிற நோட்டுத்தான் நல்ல நோட்டு.

ஈரத்தின் தீர்ப்பு

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. அந்தமானில் ஏறத்தாழ 3,000 மி.மீ. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அந்தத் தீவுகளை நனைக்கின்றன. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தாலே தாளில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். அங்கே ஆண்டின் பெரும்பகுதி அது 80-ஐ ஒட்டியே நிற்கிறது. குளிர்நாட்டு மேசைகளில் வளர்ந்த இந்தக் கலையின் பொருள்கள் பல அங்கே தோற்றுப்போகின்றன.

சுருள்கம்பி பைண்டிங் துருவேறி, அந்தத் துரு தாளின் ஓரத்தில் இறங்குகிறது. எலாஸ்டிக் பட்டை தளர்கிறது. காந்தப் பூட்டு துருப்பிடிக்கிறது. வாஷி டேப் ஓரம் கிளம்பிப் பசை மட்டும் தாளில் தங்குகிறது. அக்ரிலிக் வண்ணம் பூசிய இரண்டு பக்கங்கள் எதிரெதிரே மூடிக் கிடந்தால் வெக்கையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய பக்கங்களைப் பிரித்து என் நோட்டு ஒன்றின் கடற்பக்கம் முழுவதையும் இழந்திருக்கிறேன். இடையில் ஒரு பட்டர் பேப்பர் வைத்திருந்தால் தப்பியிருக்கும்.

ஈரம் எல்லாவற்றையும் கெடுக்கிறது என்றும் சொல்வதற்கில்லை. 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளில் நீர்வண்ணக் கழுவல் அங்கே மெதுவாகக் காய்கிறது. ஈரத்தின் மேல் ஈரம் வைத்து மழைமேகத்தை வரைகிறவருக்கு அது பெரும் உதவி. அடுக்கடுக்காக நுண்ணிய வேலை செய்ய நினைப்பவர்தான் ஒவ்வொரு அடுக்குக்கும் காத்திருக்க வேண்டியிருக்கும். மையில் கவனம் தேவை. சாயத்தால் ஆன பேனா மை ஒரு துளி மழைக்கே கலங்கிவிடும். நிறமித்துகள் கலந்த மை நிற்கும். எல்லாவற்றையும் விட உறுதியானது பென்சில். பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கக் கடலுக்குள் இறங்கும் ஆய்வாளர்கள் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால்தான் எழுதுகிறார்கள். உப்புநீருக்குள்ளேயே எழுதக்கூடிய கருவி ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கும்போது, நூறு நிறப் பிரஷ் பேனாப் பெட்டி முதலில் வாங்க வேண்டிய பொருளாக எனக்குத் தோன்றவில்லை.

கட்டுமானத்துக்கு நம் பழைய கைத்தொழில்களே விடை வைத்திருக்கின்றன. ஓலைச்சுவடியில் உலோகம் அவசியமில்லை: துளை, கயிறு, மேலும் கீழும் இரண்டு மரச்சட்டம். மெழுகு தடவிய பருத்தி நூலால் தைத்து, கயிற்றால் சுற்றி, கொட்டாங்குச்சியைத் தேய்த்துச் செய்த பொத்தானில் மாட்டினால் துருவுக்கு வேலையே இல்லை. ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சுகிறவர்கள் அதில் பைண்டர்கள் சேர்க்கும் மயில்துத்தத்தை மறக்கக்கூடாது. பூச்சியையும் பூஞ்சையையும் அது தள்ளி வைக்கும். நஞ்சு என்பதால் குழந்தைகள் கையில் மட்டும் கொடுக்க வேண்டாம்.

உறைக்குப் பாக்கு மட்டை நல்ல பொருள். அந்தமானில் பாக்குத் தோப்புகள் உண்டு, மட்டை தானாக உதிர்வது. ஊறவைத்து, விரித்து, பாரம் ஏற்றிக் காயவைத்தால் தோல்போன்ற உறை கிடைக்கும். அதற்கும் குறை உண்டு: மழைக்காலத்தில் சுருண்டுகொள்ளும், சரியாகக் காயாவிட்டால் அதுவே பூஞ்சைக்கு வீடாகும். கைவினை என்பதாலேயே ஒரு பொருள் நீடித்து நிற்கும் என்று நம்பிவிடக்கூடாது.

எடுக்கக்கூடாத பொருள்கள்

கடலோரத்து நோட்டில் சிப்பி ஒட்டுவதுதான் பலருக்கும் தோன்றும் முதல் எண்ணம். ஒரு பவளத்துண்டைக் கயிற்றில் கோத்துப் பக்கக்குறியாகத் தொங்கவிடுவது அடுத்தது. அந்தமானில் இரண்டும் தவறு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் 2001-இல் கல்பவளங்களும் கடல்விசிறிகளும் பல சங்கு, சிப்பி இனங்களும் சேர்க்கப்பட்டன. கரையில் செத்து ஒதுங்கிய பவளம்தானே என்ற வாதமும் அங்கே செல்லாது. உரிமம் பெற்ற கடையில் ரசீதோடு வாங்கிய சிப்பிப் பொருளுக்கே இடம் உண்டு.

சட்டத்துக்குப் பின்னால் உயிரின் காரணம் இருக்கிறது. மாலையில் அந்தமான் கடற்கரையில் அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கிடந்த சங்குகள் நடக்கத் தொடங்குவதைப் பார்க்கலாம். உள்ளே துறவி நண்டு. தனக்கென ஓடு வளர்த்துக்கொள்ள முடியாத அந்த நண்டு, காலியான சங்கைத் தேடிப் பிடித்துக் குடியேறுகிறது. உடல் வளர வளர அதைவிடப் பெரியதைத் தேடுகிறது. நாம் அழகுக்காக எடுக்கும் ஒவ்வொரு நல்ல சங்கும் அதற்குக் கிடைக்காமல்போகும் ஒரு வீடு.

இந்தப் பழக்கத்தின் ஆழமான குறை இங்கேதான் இருக்கிறது. ஒட்டுதல் மிகுந்த நாட்குறிப்பு, பார்ப்பதைவிடச் சேகரிப்பதற்கே கையைப் பழக்குகிறது. பக்கம் நிறைந்துவிடுகிறது, கண் பசியோடே இருக்கிறது. அதே சமயம், எடுக்கத் தடை உள்ள இடத்தில் கைக்கு மிஞ்சுவது வரைவது ஒன்றுதான். ஒரு சங்கின் சுருளை வரைய உட்கார்ந்தவர் அதன் வாய் எந்தப் பக்கம் திறக்கிறது, எத்தனை சுற்று, விளிம்பில் எங்கே உடைந்திருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். பையில் போட்டுக்கொண்டு போனவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

வரையத் தெரியாது என்பவர்களுக்கும் வழி உண்டு. நாணயத்தின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து ராஜா தலையையோ சிங்கத்தையோ எடுத்த சிறுவயது வித்தை போதும். மெல்லிய தாளைக் காலிச் சங்கின் வரிகளின் மேலும், படாக் மரத்தின் பட்டை மேலும் வைத்துத் தேய்த்தால் வடிவம் தாளுக்கு வரும். பொருள் அதன் இடத்திலேயே இருக்கும். ஜங்கிலிகாட் மீன்சந்தையில் வாங்கிய மீனின் செதிள்மேல் நஞ்சற்ற மையைத் தடவித் தாளை அழுத்தி எடுப்பது ஜப்பானிய மீனவர்களின் முறை. கழுவிவிட்டுக் குழம்பும் வைக்கலாம். நிறம் வேண்டுமென்றால் மரப்பட்டறையில் கிடைக்கும் படாக் மரத்தூளை ஸ்பிரிட்டில் ஊறவைத்துச் செம்மை எடுக்கலாம். தண்ணீரில் அது சரியாக இறங்காது. வெயில் பட்டால் நாளடைவில் பழுப்பாகும் என்பதையும் அறிந்தே பயன்படுத்த வேண்டும்.

மட்டையில் வரைந்தவர்கள்

பாக்கு மட்டையும் படமும் அந்தத் தீவுகளுக்குப் புதியவை இல்லை. நான்கவுரியைச் சுற்றிய நடு நிக்கோபார் தீவுகளில் ‘ஹென்டா’ என்ற ஓவியங்கள் இருந்தன. மரப்பலகையிலோ விரித்த பாக்கு மட்டையிலோ சூரியன், சந்திரன், வீடுகள், தென்னை, கப்பல்கள், மீன்கள் என வரிசை வரிசையாக வரைந்து வீட்டில் வைப்பார்கள். நோயுற்றவரைத் தீய ஆவிகளிடமிருந்து காப்பது அவற்றின் வேலை. உலக அருங்காட்சியகங்கள் சிலவற்றில் இன்றும் அவை இருக்கின்றன.

பார்வைக்கு அவை நாட்குறிப்புப் பக்கங்கள் போலவே தோன்றும். அந்தத் தோற்றத்தில் மயங்கி அந்த உருவங்களை ஸ்டிக்கராகவும் உறை அலங்காரமாகவும் அச்சிடுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரு வீட்டின் காவலாக இருந்ததை அலங்காரமாக்கும்போது அதன் பொருள் உதிர்ந்துவிடுகிறது. அந்தமானின் ஜாரவா பழங்குடி மக்களைப் படம் எடுப்பது குற்றம் என்பது பலருக்குத் தெரியும். கேமராவுக்குப் பதில் பென்சில் பிடித்தால் அந்த அறம் தளர்ந்துவிடாது. ஹென்டாவிடமிருந்து கற்க வேண்டியது அதன் துணிவு: தன் தீவுக்குள் வந்த அந்நியக் கப்பலைக்கூடத் தன் உலகத்தின் வரிசையில் வைத்துப் பார்த்த கண் அது.

படத்தடியில் ஒரு பெயர்

இந்தப் பழக்கத்தின் பெரிய நிறை, படமும் சொல்லும் ஒரே பக்கத்தில் அமர்வது. அதன் மதிப்பை அந்தமானிலேயே பார்க்கலாம். 2010 ஜனவரியில் போவா சீனியர் என்ற மூதாட்டி மறைந்தபோது கிரேட் அந்தமானிய மொழிகளில் ஒன்றான ‘போ’வைப் பேச எவரும் மிஞ்சவில்லை. கிரேட் அந்தமானியர்களின் மொழியை ஆராய்ந்த அன்விதா அப்பி, பறவையியலாளர் சதீஷ் பாண்டேயுடன் சேர்ந்து அந்த மக்கள் பறவைகளுக்கு வைத்த பெயர்களை 2011-இல் ஒரு நூலாகத் தந்தார். ஒரு பறவையின் உருவத்துக்குக் கீழே அதை அறிந்தவர்கள் சொன்ன பெயர்: எவ்வளவு எளிய அமைப்பு, எவ்வளவு பெரிய பணி.

தமிழும் வங்காளமும் தெலுங்கும் மலையாளமும் நிக்கோபாரியும் கரேனும் இந்தியில் சந்தித்துக்கொள்ளும் தீவுகள் அவை. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் நிக்கோபாரின் கட்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியேறின. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை அந்தத் தீவைக் கடுமையாகத் தாக்கியது. அலை கொண்டுபோன வீடுகளில் புகைப்படமும் கடிதமும் நோட்டும் சேர்ந்தே போயின. தாளை மட்டும் நம்பியிருப்பதன் குறையை இதைவிட உரக்கச் சொல்ல முடியாது. எழுதிய பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வெளியூர் உறவினர் ஒருவருக்கு அனுப்பிவைப்பதும் இனி நாட்குறிப்புக் கலையின் பகுதிதான்.

சித்திர நாட்குறிப்பு வேண்டும் என்பதே என் முடிவு. அதன் கடைச்சரக்குப் பட்டியல்தான் சுருங்க வேண்டும். தைத்த நோட்டு, பென்சில், சின்ன வண்ணப்பெட்டி, பட்டர் பேப்பர் நாலு, கொட்டாங்குச்சிப் பொத்தான். கரையில் ஒரு சங்கைப் பார்த்தால் உள்ளே நண்டு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால் தொடாமல் வரையுங்கள். இல்லையென்றால் தேய்த்தெடுத்துவிட்டு, தேதியும் இடமும் பக்கத்திலிருந்த மீனவர் அதற்குச் சொன்ன பெயரும் எழுதி, சங்கைக் கிடந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். இரவில் அதைத் தேடி ஒரு நண்டு வரக்கூடும்.