இரத்தப் பழியின் உரிமையாளர்கள்
'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரு பாகங்களும் அவற்றின் ரசிகர்களும்

அரபுக் கல்லூரியில் பாடம் நடத்தும் ஒருவர் வீடியோ கேம் பற்றி எழுத முற்படுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். நமக்கே அது வியப்புத்தான். அபூ தம்மாம் தொகுத்த 'ஹமாஸா'வை மாணவர்களுக்கு நடத்திக்கொண்டிருந்தோம். ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகளின் 'ஸஃர்' என்னும் பழிவாங்கும் மரபை விளக்குகையில், பஸூஸ் போரின் வரலாற்றைச் சொன்னோம். ஒரு பெண் ஒட்டகத்தில் தொடங்கி, பக்ர், தஃக்லிப் ஆகிய இரு சகோதரக் கோத்திரங்களை நாற்பது ஆண்டுகள் அலைக்கழித்ததாகச் சொல்லப்படும் போர் அது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர், "ஹஜ்ரத், இது அப்படியே லாஸ்ட் ஆஃப் அஸ் கதை" என்றார். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை, கோபங்கொண்டோம். கோபம் தணிந்தபின் விசாரித்தோம். இக்கட்டுரை அந்த விசாரணையின் விளைவு.

அம்மாணவரின் ஊர் வள்ளூர். துபாயிலிருந்து திரும்பிய தாய்மாமன் கொண்டுவந்த பிளேஸ்டேஷன் அவர் வீட்டில் இருந்தது. விடுமுறை நாட்களில் சில பிற்பகல்கள் அங்கே சென்று, அவர் ஆட நாம் அருகிலமர்ந்து பார்த்தோம். சன்னலுக்கு வெளியே தொலைவில் 1500 மெகாவாட் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். கொடியில் காயும் துணிகளிலும் முருங்கை இலைகளிலும் மெல்லிய சாம்பல். திரையிலோ உலகம் அழிந்து இருபது ஆண்டுகள் கடந்த பின்னரான அமெரிக்க நகரங்கள். அடுக்குமாடிகளின் மேல் கொடிகள் படர்ந்திருக்கின்றன, நெடுஞ்சாலையில் புல் முளைத்திருக்கிறது, ஒட்டகச்சிவிங்கிகள் நிம்மதியாக மேய்கின்றன. மனிதன் ஒழிந்தால் பூமி பசுமையாகும் என்பது அவர்கள் கற்பனை. எண்ணூர்க் கழிமுகத்தை அறிந்தவர்களுக்கு அது சற்று ஆடம்பரமான கற்பனையாகவே தோன்றும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, வலைகளும் படகுகளும் அலையாத்தி வேர்களும் கருத்துப்போன அந்த வாரங்களில் உலகம் முடிந்துவிட்டதாக யாரும் அறிவிக்கவில்லை. அதே மாதம் 26 ஆம் நாள் இரவு அம்மோனியா வாயு கசிந்து பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோதும் அறிவிக்கவில்லை. நம் பகுதியில் முடிவின் நிறம் பச்சையன்று.

இனிக் கதைக்கு வருவோம். நாட்டி டாக் நிறுவனம் முதற்பாகத்தை 2013 ஜூன் 14 அன்று வெளியிட்டது. புரூஸ் ஸ்ட்ரேலியும் நீல் ட்ரக்மனும் இயக்கினர். எறும்பைப் பற்றி அதன் உடலை ஆளும் கார்டிசெப்ஸ் என்னும் பூஞ்சை மனிதரையும் பற்றினால் என்னவாகும் என்பதே அடிப்படை. கொள்ளைநோயின் முதல் இரவில் மகளைப் பறிகொடுத்த ஜோயல், இருபதாண்டுகளுக்குப்பின், நோய் பற்றாத உடல் கொண்ட எல்லி என்னும் பதினான்கு வயதுச் சிறுமியை ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கப் புறப்படுகிறார். மருந்து செய்ய வேண்டுமாயின் சிறுமி இறந்தாக வேண்டும் என்று அங்கே தெரியவருகிறது. ஜோயல் தடுப்போரையெல்லாம் கொன்று, அறுவை அறையில் நின்ற மருத்துவரையும் கொன்று, அவளைத் தூக்கி வருகிறார். கண்விழித்தவளிடம் பொய் சொல்கிறார்.

ஏழாண்டுகள் ரசிகர்கள் வழக்காடினர். ஜோயல் செய்தது நியாயமா? பெரும்பாலோர் அவருக்காகவே வாதிட்டனர். மருந்து எப்படியும் பலித்திராது, அக்கூட்டத்தார் திறமையற்றவர்கள், ஆகவே குற்றமில்லை என்பது அவர்கள் விரும்பிய வாதம். இதை நாம் ஏற்கவில்லை. மருந்து பலிக்குமா என்று ஜோயல் ஒரு கணமும் கேட்கவில்லை. பலிக்கும் என்று உறுதியளித்திருந்தாலும் அதையே செய்திருப்பார். கதையின் கனமே அதில்தான் இருக்கிறது. அந்தக் கனத்தைத் தம் நாயகர் மேலிருந்து இறக்கிவைக்க ரசிகர்கள் மருத்துவ அறிவைத் துணைக்கழைத்தனர். இன்னொன்றும் உண்டு. அவ்வறையில் மருத்துவரைத் தாக்காமல் விளையாட்டு மேலே நகராது. ஆடிய இலட்சக்கணக்கானோரில் ஒவ்வொருவரும் அவரைத் தம் கையால் கொன்றனர். அவர் முகத்தை நினைவில் வைத்தவர் எத்தனை பேர்?

2020 ஜூன் 19 அன்று வெளிவந்த இரண்டாம் பாகம் கேட்டது இக்கேள்வியைத்தான். நம் ஃபிக்ஹு நூல்களில் 'வலிய்யுத் தம்' என்றொரு சொல் உண்டு. கொல்லப்பட்டவரின் இரத்தத்துக்கு உரிமையுடைய வாரிசு என்று பொருள். கொலைக்கு ஈடு கேட்பதும், இழப்பீடு பெறுவதும், மன்னிப்பதும் அவ்வாரிசின் உரிமை. எந்தப் பிணமும் வாரிசற்ற பிணமன்று. பெயரின்றி விழுந்த அம்மருத்துவருக்கு அபி என்றொரு மகள் இருந்தாள். அவள் வந்து, எல்லியின் கண்முன் ஜோயலை அடித்துக் கொல்கிறாள். எல்லி சியாட்டில் நகருக்குப் பழிதேடிப் புறப்படுகிறாள். மூன்று நாட்கள் அவளாக ஆடி, பல உயிர்களைப் பறித்து, உச்சக்கட்டத்தை எட்டியவுடன் விளையாட்டு நம்மைத் திருப்பி, அதே மூன்று நாட்களை அபியாக ஆடச் செய்கிறது. எல்லியாக நாம் கொன்ற ஆலிஸ் என்ற நாய், இப்போது நாம் எறியும் பந்தை ஓடி எடுத்துவருகிறது.

ரசிகருலகம் கொந்தளித்தது. ஏப்ரலிலேயே கதைக்காட்சிகள் கசிந்திருந்தன. வெளியான முதல் மூன்று நாட்களில் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றன. மெட்டாகிரிட்டிக்கில் விமர்சகர் மதிப்பெண் 93. ரசிகர் மதிப்பெண்ணோ பத்துக்கு மூன்றைச் சுற்றி விழுந்தது. ஆடி முடிக்க இருபத்தைந்து மணி நேரமாவது தேவைப்படும் ஒன்றுக்கு, வெளியான சில மணி நேரத்திலேயே ஆயிரக்கணக்கான பூஜ்ஜியங்கள்! அடுத்த மாதமே அத்தளம், வெளியீட்டுக்குப்பின் 36 மணி நேரம் கழித்தே ரசிகர் மதிப்பிடலாம் என்று விதியை மாற்றியது. அபிக்குக் குரலும் நடிப்பும் தந்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. பழிவாங்கலின் வெறுமையைச் சொன்ன கதைக்காக, அதில் நடித்த பெண்ணைப் பழிவாங்கப் புறப்பட்டவர்களை என்னென்பது? அவர்களை விட்டுவிடுவோம். விமர்சனத்தில் அவர்களுக்கு இடமில்லை.

ஆனால் வெறுத்தோர் எல்லாரையும் அக்கூட்டத்தில் சேர்த்துத் தள்ளிவிட்ட விமர்சகர்களோடும் நாம் உடன்படவில்லை. விளம்பரத்தில் ஏமாற்றினார்கள் என்ற புகார் உண்மையானது. உள்ளே வேறொரு பாத்திரம் வரும் காட்சியில் முன்னோட்டத்துக்காக ஜோயலை நிறுத்திக் காட்டியிருந்தனர். அபியின் தசை திரண்ட உடலைக் குறித்த ஏளனங்கள் பொருட்படுத்தத் தக்கவையல்ல. ஜோயலை இவ்வளவு இழிவாகச் சாகடித்திருக்கலாமா என்ற குமுறலை நாம் ஒரு மர்ஸியாவாகவே கேட்டோம். இது புதிதுமன்று. 1836 இல் வெளியான எட்வர்ட் லேனின் நூல் கெய்ரோ காப்பிக் கடைகளில் அபூ ஸைதின் கதையையும் அன்தராவின் கதையையும் சொல்லிப் பிழைத்தோரை விவரிக்கிறது. திமிஷ்கில், அன்தராவைச் சிறையில் விட்டபடி அன்றைய கதையை முடித்துவிட்ட சொல்லி ஒருவரை, உறக்கம் வராத ரசிகர் நள்ளிரவில் தட்டியெழுப்பி, விடுவிக்கச் சொன்ன செய்தி அரபுலகில் வழங்குகிறது. கதைமாந்தருக்காக உறக்கம் இழப்பது இழுக்கன்று.

பஸூஸ் கதையில் நம் மனத்தை விட்டகலாதவர் ஜலீலா. கொல்லப்பட்ட குலைபின் மனைவி. கொன்ற ஜஸ்ஸாஸின் சகோதரி. புகுந்த வீட்டார் அவரைத் துக்கத்திலிருந்து விரட்டினர். இருபுறமும் தம் இரத்தமாயிருக்க, எப்பக்கம் அழுவது என்றறியாமல் அவர் பாடிய இரங்கற்பா அரபியில் அழியாப் புகழ் பெற்றது. இரண்டாம் பாகம் ஆடுவோரை ஜலீலாவின் இடத்தில் நிறுத்துகிறது என்பதே நம் கணிப்பு. ரசிகர் பலர் முஹல்ஹிலின் இடத்தையே விரும்பினர். போரிலிருந்து ஒதுங்கியிருந்த ஹாரிஸ் இப்னு உபாத் சமாதானத்துக்காகத் தம் வீட்டுப் பிள்ளையை அனுப்பியபோது, இது என் சகோதரனின் செருப்பு வாருக்கே ஈடு என்று சொல்லி அவனை வெட்டியவர் முஹல்ஹில். அபிக்கும் ஒரு தகப்பன் உண்டு என்று காட்டியபோது ரசிகரிடமிருந்து எழுந்த மறுமொழியும் ஏறத்தாழ அதுவே. இறந்த நம்மவருக்கு எதிரியின் உயிர் எத்தனை சேர்ந்தாலும் ஈடாகாது என்னும் கணக்கு அது.

இவ்வளவையும் வள்ளூர் மாணவரிடம் சற்றுப் பெருமிதத்தோடே விளக்கினோம். அவர் தலையசைக்கவில்லை. கதையின் இறுதியில், கடல்நீரில் அபியை மூழ்கடித்துக்கொண்டிருக்கும் எல்லி, வீட்டுத் திண்ணையில் கிதாருடன் அமர்ந்திருக்கும் ஜோயல் நினைவில் வர, பிடியைத் தளர்த்துகிறாள். நூற்றுக்கணக்கானோரைக் கொன்றுவிட்டு இவளை மட்டும் விடுவது போலித்தனம் என்பது ரசிகர்களின் பரவலான ஆட்சேபம். மாணவரின் ஆட்சேபம் வேறு.

"மன்னிக்கலாம் ஹஜ்ரத். ஆனா நம்ம கையை வச்சு இன்னொருத்தர் மன்னிக்கக் கூடாது."

அவர் அண்ணன் இருசக்கர வண்டியில் சென்றபோது கன்டெய்னர் லாரி மோதி இறந்தவர். துறைமுகச் சாலைகளில் இது அரிய செய்தியன்று. பெரியவர்கள் கூடிச் சமரசம் பேசினர். "எங்கம்மா வாயைத் திறக்கறதுக்குள்ள மன்னிச்சாச்சுன்னு எழுதிட்டாங்க. அதுக்கப்புறம் அம்மாகிட்ட கையெழுத்து வாங்கினாங்க" என்றார். அந்தக் கூட்டத்தில் நாம் இல்லை. ஆனால் அதுபோன்ற கூட்டங்களில் மசலா சொல்ல அமர்ந்திருக்கிறோம். மன்னிப்பின் சிறப்பை எடுத்துரைக்க நம்மைத்தான் அழைப்பார்கள். வாரிசின் உரிமை எது என்பதை விரிவாகச் சொன்னதாக நமக்கு நினைவில்லை.

அன்று அவர் சொன்னது இவ்விளையாட்டைப் பற்றிய ஆகச்சிறந்த விமர்சனம் என்று இப்போது கருதுகிறோம். பொத்தானை அழுத்தச் சொல்லிக் கொல்ல வைத்தவர்களே, பொத்தானிலிருந்து விரலை எடுக்கும் நேரத்தையும் தீர்மானிக்கின்றனர். தகுதியான மன்னிப்புக்கு முதலில் உரிமை ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். பிறகு உரியவர் தாமே அதை விட்டுக்கொடுக்க வேண்டும். எல்லிக்கு அது கிடைக்கிறது. ஜோயலின் பொய்யை மன்னிக்க முயல விரும்புவதாக அவர் இறப்பதற்கு முந்தைய இரவு அவள் சொல்லியிருந்தாள் என்பதைக் கதை கடைசியில்தான் வெளிப்படுத்துகிறது. அவளுக்கு அந்த வழி முன்பே திறந்திருந்தது. ஆடுபவருக்குத் திறக்கவில்லை.

வஹ்ஷியின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. பத்ரில் தம் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களின் கையால் வீழ்ந்ததற்குப் பழியாக, அவரைக் கொன்றால் விடுதலை என்று எசமானர் ஜுபைர் ஆசை காட்ட, ஹிஜ்ரி 3 இல் உஹதில் ஈட்டியெறிந்து கொன்றவர் வஹ்ஷி. பின்னாளில் இஸ்லாத்தை ஏற்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன் வந்தார். அவர் ஏற்கப்பட்டார். எனினும், உம் முகம் என் பார்வையில் படாமல் இருக்க முடியுமா என்று அவரிடம் கேட்கப்பட்டதாக புகாரியில் பதிவாகியுள்ளது. மன்னிப்பு இருந்தது; துயரமும் அதன் இடத்திலேயே இருந்தது. ஒன்று மற்றொன்றைக் கட்டாயப்படுத்தவில்லை. இந்நுட்பம் இரண்டாம் பாகத்துக்குக் கைகூடவில்லை. எனினும், அபியின் முகத்தைப் பார்க்கச் செய்ததற்காக அதைக் குறைசொல்ல மாட்டோம். கலை பார்க்கச் சொல்லத்தான் வேண்டும். பார்த்தவரின் கையைப் பிடித்து நடத்தியதே பிழை.

ஒன்றை மறைக்கலாகாது. இஸ்ரேலில் பிறந்த ட்ரக்மன், 2000 அக்டோபரில் ரமல்லாவில் இரு இஸ்ரேலியப் படைவீரர்கள் கும்பலால் கொல்லப்பட்ட காட்சியைப் பார்த்துத் தமக்குள் எழுந்த பழியுணர்வும், பின்னர் அதைக் குறித்த அருவருப்புமே இக்கதையின் வித்து என்று 2020 இல் கூறினார். தம் வெறுப்பையே விசாரிக்கத் துணிந்த நேர்மையை மதிக்கிறோம். ஆனால் சியாட்டிலில் சண்டையிடும் இரு கூட்டத்தாரில் சமாதானத்தை யார் முறித்தார் என்பதை ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டிவிட்டு நிறுத்துகின்றனர். கதையும் அங்கேயே நின்றுவிடுகிறது. நிலம் யாருடையது, சுவர் எதற்காக எழுந்தது என்னும் வினாக்கள் இல்லாத இடத்தில் எல்லா வன்முறையும் ஒரே எடையுடையதாகிவிடும். பஸூஸ் கதையைச் சொல்லும் அரபிகள் நாற்பதாண்டு இரத்தத்தைச் சொன்னாலும் முதலில் அந்த ஒட்டகத்தைச் சொல்லாமல் விடுவதில்லை.

இதனால் இவ்விளையாட்டு தள்ளத்தக்கது என்று நாம் சொல்லவில்லை. வீழ்ந்த காவலாளியின் பெயரைத் தோழன் கூவியழைக்கும் ஒலி, பழியெல்லாம் முடிந்து வெறிச்சோடிய வீட்டுக்குத் திரும்பிய எல்லி இரு விரல்களை இழந்த கையால் கிதாரை மீட்ட முயலும் காட்சி, இவை நல்ல இலக்கியம் செய்வதைச் செய்கின்றன. முதற்பாகம் ஒழுங்கான கதை. இரண்டாவது சிதறியது, நீண்டது, சில இடங்களில் போதிக்கிறது. ஆயினும் நாம் மறுபடி நினைத்துப் பார்ப்பது இரண்டாவதைத்தான்.

திரையரங்கில் அபியாக நின்று எல்லியோடு மோத வேண்டிய கட்டம் ஒன்றுண்டு. அங்கே ரசிகர் பலர் வேண்டுமென்றே அபியைச் சாகவிட்டு மகிழ்ந்தனர். நம் மாணவரும் அவ்வாறே செய்ததாகச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அவள் அதே இடத்தில் உயிரோடு நின்றாளாம். எத்தனை முறை என்று கேட்டோம். பதினொன்று என்றார். பன்னிரண்டாம் முறை என்ன நடந்தது என்று கேட்பதற்குள் அஸர் பாங்கு கேட்டது. அவர் அம்மா உள்ளிருந்து தேநீர் கொண்டுவந்து வைத்தார்.