தெவ்யேயின் புதல்வியர்: தந்தைமையும் காலமாற்றமும்

மகனுக்குத் தோறாவைக் கற்பித்தல், தொழில் பயிற்றுதல், மணம் முடித்து வைத்தல் ஆகியவற்றைத் தந்தையின் கடமைகளாகத் தல்மூத் வகுத்துரைக்கின்றது. நீந்தக் கற்பித்தலையும் அவற்றோடு சேர்ப்போர் உளர். பிள்ளை தன் மரபினுள் நிற்கவும் வேண்டும், தனித்து நீந்தவும் வேண்டும் என்னும் இவ்விதியினுள்ளேயே ஒரு முரண்பாடு உறைந்துள்ளது. ருஷ்யப் பேரரசின் யூதரிடையே அம்முரண்பாடு முற்றிய காலத்தில் அதற்கு இலக்கிய வடிவம் தந்தவர் ஷோலெம் அலெய்க்கெம் (1859–1916) ஆவார்.

1894இல் தொடங்கி ஏறத்தாழ இரு தசாப்தங்களாக அவர் யிட்டிஷ் மொழியில் எழுதிய பால்காரன் தெவ்யேயின் கதைகள் ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு மகளைப் பற்றியவை. மூத்தவள் செல்வனான இறைச்சி வணிகனை மறுத்து ஏழைத் தையற்காரனை மணக்கின்றாள். அடுத்தவள் புரட்சியாளன் ஒருவனை மணந்து, நாடுகடத்தப்பட்ட அவனைப் பின்தொடர்கின்றாள். ஹாவா கிறித்தவன் ஒருவனை மணக்கின்றாள். ஷ்ப்ரின்ட்ஸே செல்வர் வீட்டு மகனாற் கைவிடப்பட்டு நீரில் மூழ்கி மடிகின்றாள். பெய்ல்கே தந்தையின் முதுமையை எண்ணிப் பணக்காரன் ஒருவனுக்கு வாழ்க்கைப்படுகின்றாள். காதல், புரட்சி, மதமாற்றம், வர்க்கபேதம், பணம் என்று அக்காலச் சமூக சக்திகள் யாவும் ஒரே வீட்டின் வாயிலால் நுழைகின்றன.

முதலிரு மகள்மாரின் விருப்பத்துக்கும் தெவ்யே இணங்குகின்றான். மூத்தவளுக்காகப் பொய்க் கனவொன்றைப் புனைந்து மனைவியையே ஏமாற்றுகின்றான். ஆயின், ஹாவாவை மட்டும் இறந்தவளாகக் கருதித் துக்கம் அனுட்டிக்கின்றான். காட்டுவழியில் அவள் வண்டியை மறித்து நின்றபோதும் நில்லாது செல்கின்றான். யூதர், யூதரல்லாதார் என்ற பிரிவு எதற்காக என்னும் வினா அவன் உள்ளத்தில் எழுவதும் அவ்வழியிலேயே. இதனை வெறும் மதவெறியெனக் கொள்வது பொருந்தாது. 1882ஆம் ஆண்டுச் சட்டங்களால் கிராமங்களில் வாழும் உரிமை குறுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்திற்கு, மதம் மாறும் மகள் ஒடுக்குவோர் பக்கம் சேர்ந்தவளாகவே தோன்றுவாள்.

1914இல் வெளிவந்த கதையில், தெவ்யே கிராமத்தினின்று வெளியேற்றப்படுகையில் ஹாவா கணவனை விட்டுத் திரும்புகின்றாள். தான் என் செய்திருக்க வேண்டும் என்று தெவ்யே தன் கதையைக் கேட்கும் எழுத்தாளரிடமே வினவுகின்றான். தீர்ப்பை வாசகரிடம் விடும் இம்முடிவே படைப்பின் உச்சம் எனலாம்.

1964இல் அமெரிக்க மேடையேறி, 1971இல் திரைப்படமான ‘ஃபிட்லர் ஒன் த ரூஃப்’ இவ்வினாவைத் தணித்துவிட்டது. அங்கு ஹாவா கணவனுடனேயே செல்கின்றாள். தந்தையும் ஓரளவு கனிகின்றான். ஷ்ப்ரின்ட்ஸேயின் மரணமும் பெய்ல்கேயின் விலைபோன மணமும் அங்கில்லை. இதனால் பணத்தின் கொடுமை மறைந்து, மரபுக்கும் காதலுக்கும் இடையிலான போராட்டம் மாத்திரமே எஞ்சுகின்றது. கலப்புமணத்தை அன்றாட நிகழ்வாகக் காணத் தொடங்கியிருந்த அமெரிக்க யூதப் பெற்றோருக்கு அது ஆறுதலளித்திருக்கலாம். ஆயினும் மூலத்தின் கூர்மை அதிற் குன்றியது என்பதை மறுத்தற்கில்லை.

மூலத்திற்கும் குறையுண்டு. கதை முழுவதும் தந்தையின் கூற்றாக அமைவதால் ஹாவாவின் மனம் நமக்குப் புலனாவதில்லை. அவள் ஏன் சென்றாள், ஏன் மீண்டாள் என்பதை அவள் வாயாற் கேட்க முடியவில்லை. எனினும், தந்தையின் பேச்சே அவனுக்கு எதிரான சாட்சியாகவும் அமைகின்றது. திருமறை வாக்கியங்களை ஓயாது, பல வேளை பிழைபடவும் எடுத்தாளும் அவன், வேண்டிய தருணத்தில் அவற்றில் விடை காணாது தவிக்கின்றான்.

யிட்டிஷ் இலக்கியத்தின் தலைமகனாகிய ஷோலெம் அலெய்க்கெம் தம் சொந்த இல்லத்தில் ருஷ்ய மொழியிலேயே பிள்ளைகளை வளர்த்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. மரபைக் கையளிக்க விழைபவனே அதனைக் கைநழுவ விடுபவனாகவும் இருக்கும் நிலையை அவர் வெளியே நின்று வரையவில்லை. தெவ்யேயை அவர் எள்ளி நகையாடாமைக்கும், அவனுக்கு முழு நியாயம் வழங்காமைக்கும் அதுவே காரணமாகலாம்.