தன்பாலினத் திருமண விவாதத்தில் சமய வாதமும் சமயச் சார்பற்ற வாதமும்: ‘கரணம்’ என்னும் கருத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

தன்பாலினத்தவர் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு வழங்க இயலாதென உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பளித்தது. மறுஆய்வு மனுக்களும் 2025 சனவரியில் தள்ளுபடி செய்யப்பட்டன. இவ்விவாதத்தில் சமயம் எதிர்க்கின்றது, சமயச் சார்பின்மை ஆதரிக்கின்றது என்று இரு கூறாகப் பகுத்துக் காண்பது பொது வழக்காக உள்ளது. இப்பகுப்பு எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதையும், தமிழ் மரபு இவ்விவாதத்திற்கு வழங்கக்கூடியது யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

இருபுறமும் இருவகை வாதங்கள்

உச்ச நீதிமன்ற வழக்கில் இடையீட்டு மனுதாரராக வந்த ஜமியத் உலமா-இ-ஹிந்த், ஆணும் பெண்ணும் இணைவதே திருமணம் என்னும் சமயக் கொள்கையை முன்வைத்தது. ஆனால் சமயத்தின் குரல் இஃதொன்றே அன்று. சகுந்தலா தேவி 1977-இல் வெளியிட்ட தன்பாலினத்தவர் குறித்த நூலில் திருவரங்கத்து அர்ச்சகர் சீனிவாச ராகவாச்சாரியாரின் கருத்து இடம்பெற்றுள்ளது. முற்பிறவியில் ஆணும் பெண்ணுமாய்க் காதலித்தோரே இப்பிறவியில் ஒரே பாலினராய்ப் பிறந்து ஒருவரையொருவர் நாடுகின்றனர், உடல் மாறினும் ஆன்மா மாறுவதில்லை என்பது அவர்தம் விளக்கம். மறுபிறப்புக் கொள்கையே இங்கு ஏற்பிற்கு அடிப்படையாகின்றது.

மாறாக, 2023-இல் எதிர்ப்புத் தெரிவித்த ஒன்றிய அரசு தன் வாதத்தைச் சாத்திரத்தின்மேல் அமைக்கவில்லை. கணவன், மனைவி, குழந்தைகள் என்னும் இந்தியக் குடும்ப அமைப்பு, நாடாளுமன்றத்தின் அதிகாரம் ஆகியவற்றையே அது முன்னிறுத்தியது. இக்கோரிக்கை நகர மேட்டுக்குடியினருடையது என்றும் அது வாதிட்டது. இக்கட்டுரையாளர் வாழும் புணேயின் வாகட் போன்ற தகவல் தொழில்நுட்பப் புறநகர்களை மட்டும் நோக்கின் இவ்வாதம் பொருந்துவதுபோல் தோன்றலாம். ஆயின் ரூத் வனிதா 2005-இல் வெளியிட்ட, இந்தியாவிலும் மேலை நாடுகளிலும் நிகழ்ந்த தன்பாலினத் திருமணங்கள் பற்றிய ஆய்வு நூலில் இடம்பெறும் பெண்கள் பலர் ஆங்கிலக் கல்வி பெறாத சிற்றூரினர். அவர்களுள் கோயிலையும் சடங்கையும் நாடியோர் உண்டு.

ஆகவே எதிர்ப்பு சமயச் சார்பற்றதாகவும் ஆதரவு சமயம் சார்ந்ததாகவும் அமைதல் கூடும் என்பது தெளிவு. எதிர்ப்பு வாதங்கள் அனைத்திற்கும் பொதுவாக இருப்பது ‘இஃது வழக்கத்தில் இல்லை’ என்பதே.

சட்டச் சொற்கள்

1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் ‘எவரேனும் இரு இந்துக்கள்’ என்றும், சமயச் சார்பற்றதான 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் ‘எவரேனும் இருவர்’ என்றும் தொடங்குகின்றன. இரண்டும் மணமக்களின் வயதை வரையறுக்கும் இடத்தில் ஆண், பெண் வேறுபாட்டைக் கொணர்கின்றன. சமயச் சட்டமும் சமயச் சார்பற்ற சட்டமும் தன்பாலினத்தவரை ஒரே இடத்தில் நிறுத்துவது நோக்கத்தக்கது.

வழக்கம் என்னும் தடை

வழக்கத்தில் இல்லை என்னும் தடையை இந்திய மண் முன்னரும் கண்டுள்ளது. 1873-இல் புணேயில் சத்தியசோதக் சமாஜத்தைத் தோற்றுவித்த சோதிராவ் புலே, புரோகிதரற்ற திருமணங்களை நடத்தினார். அவர் புரோகிதரை விலக்கினாரேயன்றிப் படைப்போனை விலக்கவில்லை. 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் நடந்த சுயமரியாதைத் திருமணத்தின் வழிவந்த பெரியார் மரபு இரண்டையும் விலக்கியது. சாத்திரமும் இல்லை, தொன்றுதொட்ட வழக்கமும் இல்லை என்னும் காரணத்தால் சுயமரியாதைத் திருமணம் செல்லாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 1950-களில் கூறிற்று.

அண்ணா தலைமையிலான அரசு 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்து இத்தடையை நீக்கியது. அதற்கு முன் நடந்த அத்தகைய திருமணங்களும் செல்லுபடியாயின. வழக்கம் இல்லாத இடத்தில் சட்டமன்றமே வழக்கத்தை உண்டாக்கியது எனலாம்.

எனினும் இப்பிரிவின் சொற்களை நுணுகி நோக்குதல் வேண்டும். மாலை மாற்றுதல், மோதிரம் அணிவித்தல் ஆகியவற்றைக் கூறுமிடத்தில் ‘ஒருவர் மற்றவருக்கு’ என்னும் பொதுநிலை உள்ளது. உறுதிமொழியைக் கூறுமிடத்திலோ ‘கணவன்’, ‘மனைவி’ என்னும் சொற்கள் அமைகின்றன. நம் பகுத்தறிவு மரபு புரோகிதரையும் மந்திரத்தையும் விலக்கியபோதும் மணமக்களின் பால் குறித்த வினாவை எழுப்பவில்லை என்பது இதனால் பெறப்படுகின்றது.

தொல்காப்பியமும் கூவாகமும்

தமிழாய்வாளர் சிலர் பழைய நூல்களில் சான்று தேடுவதையே இவ்விவாதத்திற்கான பங்களிப்பாகக் கருதுகின்றனர். இம்முறை குறைபாடுடையது. தொல்காப்பியக் கற்பியல் தலைவன், தலைவி என்னும் அமைப்பிற்குள்ளேயே இயங்குகின்றது. அதனைத் தன்பாலினத் திருமணத்திற்குச் சான்றாக்குதல் நூலுக்கு நேர்மையாகாது. ஆயின் கரணம் பற்றி அந்நூல் கூறும் செய்திகள் பயன்மிக்கவை. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது என்றும், மேலோர்க்குரிய கரணம் கீழோர்க்கு ஆகிய காலமும் உண்டு என்றும் தொல்காப்பியர் உரைக்கின்றார். கரணம் மனிதரால் வகுக்கப்பட்டது, கைவிடப்படுதலினின்று காப்பது, காலந்தோறும் விரிவது என்னும் மூன்றும் இவற்றால் அறியப்படும்.

கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவின்போது திருநங்கையர் கூத்தாண்டவருக்கு மனைவியராய்த் தாலி ஏற்று, மறுநாள் அதனை அறுக்கின்றனர். இதனை மரபின் ஏற்பு எனக் காட்டுவோர் உளர். ஓரிரவுத் தாலி வாரிசுரிமையையோ, மருத்துவமனையில் துணைவருக்காக ஒப்பமிடும் உரிமையையோ தருவதில்லை. இங்குச் சடங்கு உண்டு, காப்பு இல்லை. 2019-இல் மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், ‘மணமகள்’ என்னும் சொல்லின் பொருள் மாறாததன்று, அது திருநங்கையையும் உள்ளடக்கும் எனத் தீர்ப்பளித்தபோதே தூத்துக்குடிக் கோயிலில் நடந்த திருமணம் ஒன்று பதிவேட்டில் இடம்பெற வழி பிறந்தது. ஆணுக்கும் திருநங்கைக்கும் இடையிலான இத்தகைய திருமணத்தை 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பும் ஏற்றது. ஒரே பாலினத்தவர் இருவருக்கு அக்காப்பு இன்றும் இல்லை.

முடிவுரை

விவாதத்தின் மையம் சமயமா, சமயச் சார்பின்மையா என்பதன்று. கரணத்தின் காப்பு யாருக்கு உரியது என்பதே. உச்ச நீதிமன்றம் இவ்வினாவைச் சட்டமியற்றும் அவைகளிடம் விட்டுள்ளது. பௌத்தர் பெரும்பான்மையராய் வாழும் தாய்லாந்தில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. திருமணம் பொதுப்பட்டியலில் உள்ளமையால் 1967-இல் தமிழகச் சட்டமன்றம் மேற்கொண்ட வழியும் நம்முன் உள்ளது. அன்று வழக்கமின்மை ஒரு தடையாகாது என ஏற்ற தமிழுலகம், இன்று அதையே தடையாகக் கூறுமாயின் அதற்கு வேறு காரணம் காட்டியாக வேண்டும். அக்காரணம் இதுவரை எவராலும் தெளிவுறக் காட்டப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் முடிபு.