மசியலுக்கு வந்த மகராசன்

கீரை மசியலுக்கு மிக்ஸியைத் தூக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு ஆறாது. அரைக்கீரையோ முளைக்கீரையோ, வெந்ததை ஜாரில் போட்டு ஒரு சுற்று விட்டால் பச்சைக் கூழாகிவிடும். தண்டின் இழை நாக்கில் தட்டாது. சூட்டோடு மூடி போட்டு ஓட்டினால் ஆவி மூடியைத் தள்ளிக்கொண்டு பீய்ச்சும். ஆறட்டும் என்று காத்திருந்தால் சாப்பாட்டு நேரம் போய்விடும். இத்தனைக்கும் விடையாக என் அடுக்களைக்கு வந்ததுதான் ஹேண்ட் பிளெண்டர். நீளக் கழுத்து, நுனியில் மணி மாதிரி ஒரு கவசம், அதற்குள் சின்ன பிளேடு. வெந்த பாத்திரத்திலேயே இறக்கி, விட்டு விட்டு நாலு அழுத்து அழுத்தினால் மசியல் தயார். இலை மசிந்திருக்கும், தண்டு கொஞ்சம் தெரியும். மத்தால் கடைந்த பக்குவம் அப்படியே!

எங்கள் மன்னார்குடிப் பக்கம், தஞ்சாவூர், திருவாரூர் என்று எங்கே போனாலும் சமையலில் கடைகிற வேலைக்குக் குறைவில்லை. கீரை, பருப்பு, சேனைக்கிழங்கு மசியல், வெயில் நாளில் குடம் குடமாக மோர். இந்த வேலையெல்லாம் பெண்களின் தோளில்தான் ஏறி உட்கார்ந்திருந்தது. சுவிட்சர்லாந்துக்காரர் ரோஜர் பெரின்ஜாகே 1950ல் அந்தப் பாரத்தை இறக்கிய இந்தக் கருவிக்குக் காப்புரிமை வாங்கினாராம். காவிரிக் கரையில் கீரை கடைகிறவர்களை அவர் நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் அந்த மனிதருக்கு நான் தினமும் மனசுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

"ஏம்மா, வீட்டில் மத்து இருக்கும்போது இது எதுக்கு?" என்றார்கள் அத்தை. இப்போது மோர் கலக்கும் நேரத்தில் அவர்கள்தான் முதலில் இதைத் தேடுகிறார்கள். தோள் வலி உள்ளவர்களுக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை.

வெண்ணெய்க் கதையைச் சொல்லாமல் முடியாது. இந்த மண்ணில் சாமிக்கும் வெண்ணெய்தான் இஷ்டம். சிக்கல் கோயிலில் வசிஷ்டர் வெண்ணெயால் பிடித்த லிங்கமே மூலவர் என்கிறது தலபுராணம். எங்கள் மன்னார்குடி ராஜகோபாலசுவாமிக்குப் பங்குனிப் பெருவிழா 18 நாள். அதில் வெண்ணெய்த்தாழி அன்று பெருமாள் தவழும் கண்ணனாக வெண்ணெய்க் குடத்தோடு வீதிக்கு வருவார். ஜனங்கள் ஆசை ஆசையாக அவர் மேல் வெண்ணெய் வீசுவார்கள். அதற்கான வெண்ணெயை நான் வீட்டிலேயே எடுக்கிறேன். பாலாடையைச் சேர்த்து வைத்து, உறை ஊற்றி, பிளெண்டரில் முட்டை அடிக்கும் கம்பிக் கூடு போன்ற துடுப்பை மாட்டி மெதுவான வேகத்தில் கடைகிறேன். பங்குனி வெயிலுக்கு ஐஸ் தண்ணீர் விட்டால்தான் கொழுப்பு திரளும், இல்லாவிட்டால் இளகிக் குழம்பிவிடும். முதலில் நுரை பொங்கும், பிறகு கெட்டிப்படும், திடீரென்று சத்தம் மாறி மணல் மணலாகப் பிரியும். அந்த நொடியிலேயே கருவியை நிறுத்திவிட்டுக் கையால் திரட்ட வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் வெண்ணெய் மறுபடி மோரோடு கலந்து இழுபடும்.

இதில் ஒரு சூட்சுமம். இந்த மோட்டார் சின்னது, அதுவும் மூடிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் கிடக்கிறது. ஓட ஓடச் சூடாகும், சூடு வெளியேற வழி குறைவு. ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஓட்டலாம், எவ்வளவு ஓய்வு தரவேண்டும் என்று கருவியின் மேலேயோ கையேட்டிலேயோ போட்டிருப்பார்கள். பெரும்பாலும் ஒரு நிமிடம்தான். வெண்ணெய் கடையும்போது நான் அதை விடாமல் பார்ப்பேன். கைப்பிடி சுட ஆரம்பித்தாலோ கருகல் வாசனை வந்தாலோ, அன்றைக்கு மிச்சம் மத்துக்குத்தான்.

சூட்டில் வேலை செய்யும்போது அடுப்பை விட்டுப் பாத்திரத்தை இறக்கிப் பிரிமணையில் வைத்துவிடுங்கள். பாத்திரம் நகராது, ஒயரும் நெருப்புப் பக்கம் போகாது. பிளேடு முழுக்க முங்கின பிறகுதான் விசையை அழுத்தணும். நின்ற பிறகுதான் வெளியே எடுக்கணும். சுற்றிக்கொண்டே மேலே வந்தால் கொதிக்கிற பருப்பு முகத்தில் தெறிக்கும். தண்டோ இழையோ சிக்கிக்கொண்டால் முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும், விசையை விட்டால் மட்டும் போதாது. நான் இதில் ரொம்பக் கண்டிப்பு. விரல் பட்டாலே ஓடும் விசை அது. பிளேடில் ஒரு விரல் இருக்கும்போது இன்னொரு கை அதை அழுத்திவிடக் கூடாது. சிக்கியதை மரக் கரண்டியின் காம்பால் எடுக்கலாம்.

பிளக்கில் எர்த் முள் இல்லையே என்று சிலர் பயப்படுவார்கள். லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் இருந்தால் இரட்டைக் காப்பு என்று அர்த்தம், எர்த் தேவையில்லை. ஆனால் மோட்டார் பக்கம் தண்ணீர் இறங்கிவிட்டால் அந்தக் காப்பை நம்பவே கூடாது. ஈரக் கையோடு தொடுவதும், மேல் பாகத்தைக் குழாயடியில் காட்டுவதும் கூடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எங்கள் வீடுகளில் சுவரே வியர்க்கும். அந்த மாதங்களில் உலர்ந்த மேல் தட்டில், துணியால் மூடி வைக்கிறேன். ஒயரைக் கருவியின் உடம்போடு இறுக்கிச் சுற்றுவதில்லை, உள்ளே நுழையும் இடத்தில்தான் அது முதலில் வெடிக்கும்.

கழுவுவது எவ்வளவு சுலபம் தெரியுமா? உயரமான டம்ளரில் வெந்நீரும் ஒரு துளி சோப்பும் விட்டு, சில நொடி ஓட்டினால் முக்கால் வாசி சுத்தம். பிறகு பிளக்கைப் பிடுங்கி, கழுத்தைக் கழற்றி, பிளேடுக்குப் பின்னால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கணும். கீரை நார் ஒளிந்திருக்கும் இடம் அதுதான். அங்கே தங்கினால் நாற்றம், நாளடைவில் உள்ளே இருக்கும் ரப்பர் வளையமும் கெடும்.

இவ்வளவு புகழ்ந்தாலும் மத்தைப் பரணில் போட்டுவிடாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டபோது, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது அங்கெல்லாம் மத்துதான் சோறு போட்டது.

வாங்கப் போகிறவர்களுக்கு: கழுத்து ஸ்டீலாக, கழற்றக்கூடியதாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கழுத்து கொதிக்கிற கீரைக்கு ஆகாது. விரலை எடுத்ததும் நிற்கிற விசை அவசியம். அரிசி, மஞ்சள், மிளகாய் என்று உலர்ந்த எதையும் இதன் தலையில் கட்ட வேண்டாம், அதற்கு மிக்ஸி இருக்கிறது. சேனைக்கிழங்கு மசியலுக்கு மட்டும் ஒரு கூடுதல் கவனம்: கிழங்கு கெட்டியாக இருந்தால் மோட்டார் திணறும். வெந்த துவரம்பருப்பையும் அதன் தண்ணீரையும் முதலில் சேர்த்து இளக்கிவிட்டு, குறைந்த வேகத்தில் ஆரம்பியுங்கள். இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டி, அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழியுங்கள்.