குடமும் உலையும்

“அம்மா என்ன செய்றாங்க?” என்று கேட்டால், என் மாணவிகளில் பலர் “வீட்ல சும்மாதான் இருக்காங்க” என்கிறார்கள். இந்தச் ‘சும்மா’ பொருளியலுக்கும் உரிய சொல். நியூசிலாந்தின் மெரிலின் வேரிங் 1988இல் வெளியிட்ட ‘இஃப் விமன் கவுன்டட்’ நூலில் அதைத்தான் கேள்வி கேட்டார். ஐ.நா.வின் தேசியக் கணக்கு முறைப்படி வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து வருவது உற்பத்தி. அதே தண்ணீரில் உலை வைப்பது உற்பத்தி அல்ல. குடத்தை இறக்கியதும் என் அம்மா கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறார்.

எண்ணினால்தான் தெரியும். இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டுவேலை செய்வோரில் பெண்கள் 2019இல் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிட்டனர். 2024இல் அது 289, 88. இருவருக்கும் வேலை குறைந்தது. இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 ஆனது, அவ்வளவே.

2023இல் தமிழக அரசு மாதம் 1,000 ரூபாயை ‘உதவி’ என்னாமல் ‘மகளிர் உரிமைத் தொகை’ என்றது. ஆய்வு பேசிவந்த உழைப்பு அரசாணையின் மொழிக்குள் வந்த தருணம் அது. வரவேற்கிறேன். ஆனால் பணம் கைக்கு வந்தது, அடுப்படி கைமாறவில்லை. அடுத்த கொள்கை அந்த 201 நிமிடத்தைப் பற்றியதாக இருக்கட்டும்.