சிலப்பதிகாரத்தில் உணர்வறிவும் இன்பவாழ்வும்

தனிமனிதனது மகிழ்ச்சி எதில் தங்கியுள்ளது என்ற வினா மெய்யியலாளருக்கு மட்டும் உரியதன்று. அண்மைக்கால உளவியல் இதற்கு ஒரு விடையாக 'மனவெழுச்சி நுண்ணறிவு' என்னும் கருத்தினை முன்வைத்துள்ளது. 1990ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளரான பீற்றர் சலோவேயும் ஜோன் மேயரும் இதனை ஆய்வுலகில் வரையறுத்தனர். 1995இல் வெளிவந்த டானியல் கோல்மனின் நூல் இதனைப் பொதுமக்களிடையே பரப்பியது. உணர்வுகளை இனங்காணல், சிந்தனைக்குத் துணையாக்கல், விளங்கிக்கொள்ளல், நெறிப்படுத்தல் என்னும் நான்கு கூறுகள் இந்நுண்ணறிவில் அடங்கும் என்று மேயரும் சலோவேயும் 1997இல் விரித்துரைத்தனர். எனினும், இக்கருத்து தொழில் நிறுவனங்களின் பயிற்சி வகுப்புகளைச் சென்றடைந்தபோது, சினத்தை அடக்கி முகமலர்ச்சியைப் பேணும் தனியாள் திறனாகவே பெரும்பாலும் குறுகிவிட்டது. முதல் மூன்று கூறுகளும் பின்தள்ளப்பட, நான்காவது மட்டும் எஞ்சி நின்றது.

உணர்வை அடக்கத் தெரிந்தவர் மகிழ்ச்சியடைந்துவிடுகிறாரா? இவ்வினாவைச் சிலப்பதிகாரத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். புதிய உளவியல் முழுவதும் நம் பழைய நூல்களில் உண்டு என நிறுவிப் பெருமிதங்கொள்வது நமது எண்ணமன்று. மனித உறவுகளின் சிதைவினை நுணுகி நோக்கிய ஒரு காப்பியம் இக்கருத்தினை உரைத்துப் பார்க்கும் கல்லாக அமையக்கூடும் என்பதே நமது துணிபு.

சிலப்பதிகாரத்தை ஊன்றிப் படிப்போர் ஒரு செய்தியைக் காணத் தவறார். அதன் மூன்று முதன்மைப் பெண்களும் தத்தம் உணர்வை மறைக்கின்றனர். கோவலன் பிரிந்திருந்த காலத்தில், தன்னைக் காண வந்த மாமன் மாமியர் முன் கண்ணகி துயரை மறைத்துப் பொய்யாக முறுவலித்தாள். மாதவி, கடற்கரையிலே தன் ஐயத்தையும் வருத்தத்தையும் நேர்படக் கூறாது, தானும் வேறொருவனை எண்ணுபவள் போன்று யாழிசைத்துப் பாடினாள். பாண்டிமாதேவியோ ஆடல் மகளிரிடத்து அரசனின் உள்ளம் சென்றதென ஊடி, அவ்வூடலைத் தலைவலி என்னும் போர்வைக்குள் ஒளித்து அவையை விட்டு அகன்றாள்.

இம்மறைப்புகளால் விளைந்தது யாது? கண்ணகியின் முறுவல் முதியோரை ஏமாற்றவில்லை. அதன் பொய்மையை உணர்ந்து அவர்கள் மேலும் வருந்தினர். இதனைக் கண்ணகியே கொலைக்களக் காதையில் கோவலனிடம் எடுத்துரைக்கின்றாள். மணவாழ்வில் தன் மனக்குறையை அவள் அவனிடம் வாய்விட்டுக் கூறும் இடம் இதுவே. அவன் சிலம்பு விற்கப் புறப்படுவதற்குச் சற்று முன்னரே அது நிகழ்கின்றது. மாதவியின் பாட்டினைக் கோவலன் மெய்யென நம்பிப் பிரிந்தான். தேவியின் ஊடலைத் தணிக்க விரைந்த பாண்டியன், வழியில் எதிர்ப்பட்ட பொற்கொல்லனின் சொல்லை ஆராயாது கொலையாணை பிறப்பித்தான். ஒரு குடும்பத்தின் இன்பமும் ஒரு நாட்டின் நீதியும் அறியப்படாத உணர்வுகளாலேயே குலைந்தன எனலாம்.

அவ்வாறாயின், உணர்வை மறைத்த பெண்களே குற்றவாளிகளா? ஈண்டுத்தான் மேற்கூறிய பயிற்சி வகுப்பு உளவியலின் போதாமை வெளிப்படுகின்றது. வெளிப்படப் பேசுவதற்குரிய நிலை அவர்களுக்கு இருந்ததா என்ற வினாவை அது எழுப்புவதில்லை. மாதவி ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலை கூறப்பட்ட மாலையின் வழியே கோவலனை அடைந்தவள். விலையில் தொடங்கிய உறவில் அன்பை அன்பென நிறுவுதல் எளிதன்று. வேனிற்காதையில் அவள் விடுத்த மடலைக் கோவலன் ஏற்க மறுக்கும்போது கூறும் காரணமும் அதுவே: ஆடல் மகளின் அன்புமொழிகள் யாவும் அவனுக்கு நடிப்பாகத் தோன்றுகின்றன. அவளது குலமும் தொழிலும் அவளுடைய உணர்வுக்குமுன் வந்து நின்று அதனை மறைத்துவிடுகின்றன. வணிகர் குலத்துப் பத்தினியான கண்ணகிக்கோ பொறுமையே அணியாக விதிக்கப்பட்டிருந்தது. அரசியும்கூடத் தன் மனக்குறையை நோயாகவே காட்ட நேர்ந்தது. எனவே, உணர்வை அறிதலும் அறிவித்தலும் தனியாளின் திறமை மட்டுமல்ல. சமூகம் வழங்கும் அல்லது மறுக்கும் உரிமையுமாகும்.

காப்பியம் இவற்றையெல்லாம் ஊழின்மேல் ஏற்றிக் கூறுகின்றதே எனச் சிலர் வினவலாம். உண்மைதான். ஆனால், அவ்வூழ் வானிலிருந்து இடியாக இறங்கவில்லை. பாட்டைப் பிழைபட விளங்கிக்கொள்ளும் காதலன் வழியாகவும், மனம் வேறொன்றிற் பதிந்திருந்த வேளையில் தீர்ப்பளிக்கும் மன்னன் வழியாகவுமே அது செயற்படுகின்றது. இளங்கோவடிகளின் கலைத்திறன் இங்கேதான் உள்ளது.

கோவலன் இறுதிவரை இவ்வறியாமையிலேயே நின்றவனல்லன். மதுரைக்குச் செல்லும் வழியில் கோசிகன் கொணர்ந்த மாதவியின் இரண்டாவது மடலைப் படித்தபோது, தவறு அவளுடையதன்று, தன்னுடையதே என அவன் உணர்ந்தான். அவ்வுணர்வோடு அவன் தளர்ச்சியும் நீங்கியது. அம்மடலின் வாசகம் தன் பெற்றோருக்குத் தான் கூறவேண்டியதற்கும் பொருந்துவதைக் கண்டு அதனையே அவர்களுக்கு அனுப்பினான். ஒருத்தியின் துயரை அறிந்த கணமே ஏனையோரின் துயரும் அவனுக்குப் புலனாகின்றது. காப்பியத்தில் அவன் பெறும் மெய்யான மன ஆறுதல் இதுவே. பொருளிழந்து, ஊரிழந்து நடந்துசெல்பவனுக்கு அது கிட்டுகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. இன்பம் என்பது துன்பமின்மை அன்று. தன்னையும் பிறரையும் சரிவர அறிந்துகொண்ட தெளிவு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இனிக் கண்ணகியின் சினத்தை நோக்குவோம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என நான்கு நிலைக்களன்களை வகுக்கின்றது. நான்கும் ஒருவர்க்கு இழைக்கப்படும் கொடுமைகளே. அதாவது, வெகுளியைத் தோற்றுவித்த காரணத்தோடு சேர்த்தே அதனை நோக்க வேண்டும் என்பது அவ்வகுப்பிலிருந்து நாம் பெறக்கூடிய பொருள். கண்ணகி அரசவையில் தன் உணர்வை மறைக்கவில்லை, வழக்காக உரைத்தாள், சிலம்பினை உடைத்துச் சான்றும் காட்டினாள். மதுரையை எரியூட்டும் வேளையிலும் அறவோர், முதியோர், குழவியர் முதலானோரை விலக்குமாறு தீக்கடவுளைப் பணித்தாள். அவளது சினம் உச்சத்திலும் பகுத்தறியும் ஆற்றலை முற்றாக இழக்கவில்லை. ஆயினும், அத்தீயில் வெந்தது குற்றமிழைத்த மன்னனின் அரண்மனை மட்டுமன்று என்பதையும் நாம் மறத்தலாகாது.

இதனோடு ஒப்பிடத்தக்கது பின்னர் நிகழும் ஒரு செய்தி. கண்ணகியின் சினத்தைத் தணிக்க வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று நூல் கூறுகின்றது. ஒரு பொற்கொல்லனின் குற்றத்துக்கு ஆயிரவர் உயிர்! சினமேதுமின்றி, சடங்காக, அமைதியாக நிகழ்த்தப்பட்ட கொலை இது. அடங்கிய மனமே அறிவுள்ள மனம் எனக் கருதுவோர் இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துச் சிந்தித்தல் வேண்டும். கதறி அழுதவள் குழந்தைகளையும் முதியோரையும் நினைவிற் கொண்டாள். ஆட்சிப் பொறுப்பேற்றவன் ஆயிரம் குடும்பங்களை நினைக்கவில்லை. காப்பியம் இதனைக் கண்டிக்காது கடந்து செல்வது அதன் காலத்து எல்லையைக் காட்டுகின்றது.

நம் நாட்டில், மட்டக்களப்புப் பகுதியின் கண்ணகி கோயில்களில், வைகாசிச் சடங்கின் நிறைவில் குளிர்த்தி நிகழ்கின்றது. அங்கு உயிர்ப்பலியின்றிப் பாட்டாலும் நீராலும் அம்மனின் வெம்மை தணிக்கப்படுகின்றது. அவளது சினத்தை எவரும் பிழையெனக் கூறுவதில்லை. அதன் கதையைக் கூடியிருந்து கேட்டபின்னரே குளிர்விக்கின்றனர். செழியனின் வேள்வியினும் இந்நாட்டார் வழக்கு மேலான உணர்வறிவினைக் கொண்டது எனத் துணிந்து கூறலாம்.

எனவே, மனவெழுச்சி நுண்ணறிவு மகிழ்ச்சிக்கு வழி என்பதில் ஐயமில்லை. ஆனால், அது துயருற்றவரிடம் முறுவலைக் கேட்கும் கலையாகிவிடலாகாது. அவர் கூறுவதைக் கேட்கும் செவியும், அவர் அச்சமின்றிக் கூறத்தக்க சமூக அமைப்பும் அதன் முதற் கூறுகளாதல் வேண்டும். கண்ணகியின் பொய்முறுவலைக் கண்டு வருந்திய அம்முதியோர், அவளிடம் உரியகாலத்தில் ஒரு சொல் கேட்டிருந்தால் என்ற ஏக்கம் நூலை மூடிவைத்த பின்னரும் நம்மைத் தொடர்கின்றது.